இதை யார் முடிவு செய்தது? அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்குக் குடிமையியலும் வரலாறும் கற்றுத்தர ஒரு முழு வழிகாட்டி

குடியுரிமைத் தேர்வுக்கு நான் படித்த இரண்டு மாதமும் எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்கக் கேள்வி அட்டைகள்தான். அப்போது இருந்தது 100 கேள்விகள் கொண்ட பட்டியல். அதிகாரி அதிலிருந்து 10 கேட்பார், 6 சரியாகச் சொன்னால் தேறிவிடலாம். எட்டாம் வகுப்பில் இருந்த என் மகள் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அட்டையைப் புரட்டிப் புரட்டி என்னைக் கேட்பாள். ஒருநாள் அட்டைக் கட்டை நான் வாங்கிக்கொண்டு அவளைக் கேட்டேன். பிரதிநிதிகள் சபையில் எத்தனை உறுப்பினர்கள்? தெரியவில்லை. அரசியலமைப்புச் சட்டத்துக்கு இதுவரை எத்தனை திருத்தங்கள்? தெரியவில்லை. நம் மாநில செனட்டர் ஒருவர் பெயரைச் சொல்லு. உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நான் இங்கேதானே பிறந்தேன்" என்றாள்.

கணக்கில் அவள் கெட்டிக்காரி. கணக்குப் போட்டிகளுக்குச் சனிக்கிழமை தவறாமல் கூட்டிப்போனதும் நான்தான். சமூக அறிவியல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. கணக்கு, அறிவியல், கோடிங் என்று எல்லாவற்றுக்கும் வகுப்பு தேடுவோம். வாழப்போகிற நாட்டை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவோம்.

பள்ளி எவ்வளவு பார்த்துக்கொள்கிறது? தேசிய அளவில் எட்டாம் வகுப்புக்கு 2022-ல் நடந்த மதிப்பீட்டில், அமெரிக்க வரலாற்றில் 'புரோஃபிஷியன்ட்' நிலையைத் தொட்டவர்கள் 13 சதவீதம். குடிமையியலில் 22 சதவீதம். இந்த நிலை என்பது வெறும் பாஸ் மார்க் அல்ல, பாடத்தில் நல்ல பிடிப்பு இருக்கிறது என்று பொருள், ஆகவே மற்ற எல்லாரும் தோற்றார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வரலாற்றில் அடிப்படை நிலையைக்கூட எட்டாதவர்கள் 40 சதவீதம். குடிமையியல் சராசரி 1998-க்குப் பிறகு முதல் முறையாக இறங்கியதும் அந்த ஆண்டுதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. 2002-ல் கையெழுத்தான கல்விச் சட்டம் வாசிப்புக்கும் கணக்குக்கும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு வைத்தது. தேர்வு இல்லாத பாடத்தின் நேரம் மெல்ல மெல்லக் கரைந்தது. மத்திய அரசு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணக்குக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 50 டாலர் செலவிட்டால், குடிமையியலுக்குச் செலவிடுவது 5 சென்ட் என்று 2021-ல் வந்த ஓர் அறிக்கை கணக்குப் போட்டது. 5 சென்ட்!

கீழே இருப்பது என் வீட்டிலும் தெரிந்த சில வீடுகளிலும் செய்து பார்த்த வழி. பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை பொருந்தும். எல்லாப் படிகளிலும் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: இதை யார் முடிவு செய்தது?

படி 1: கேள்வியை வீட்டில் பழக்குங்கள்

புத்தகத்தைத் திறக்க வேண்டாம். பிள்ளை எதைப் பற்றிச் சலித்துக்கொள்கிறதோ அங்கே தொடங்குங்கள். என் மகளுக்கு அது காலையில் எழுவது. "எங்க ஸ்கூல் மட்டும் ஏன் இந்த நேரத்துக்கு ஆரம்பிக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். யார் முடிவு செய்தது என்று தேடச் சொன்னேன். தலைமையாசிரியர் என்று நினைத்தாள். இல்லை. பள்ளி வாரியமா? பாதி சரி. கலிஃபோர்னியாவில் நடுநிலைப் பள்ளிகள் காலை 8 மணிக்கு முன்னும் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன்னும் தொடங்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. 2019-ல் ஆளுநர் கையெழுத்திட்டார், 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். வளரும் வயதில் தூக்கம் போதவில்லை என்று மருத்துவர்கள் சொன்னதும், பேருந்து நேரமும் பெற்றோர் வேலை நேரமும் குழம்பும் என்று பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்ததும் அதற்குள் இருக்கின்றன.

இந்த ஒரே கேள்வியில் மாநில சட்டமன்றம், ஆளுநர், பள்ளி வாரியம் மூன்றும் வந்துவிட்டன. எதிர்த்தரப்பு வாதமும் வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் கட்டணம், பூங்கா மூடும் நேரம், தெருமுனை நிறுத்தப் பலகை, நூலகம் ஞாயிற்றுக்கிழமை ஏன் மூடியிருக்கிறது, எல்லாமே இதே வகை. வாரத்துக்கு ஒன்று போதும். விடை நகராட்சியா, கவுன்டியா, மாநிலமா, மத்திய அரசா என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், அமெரிக்க ஆட்சி முறையின் பாதியை அவர்கள் பாடமே இல்லாமல் கற்றுவிடுவார்கள்.

படி 2: பள்ளியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள்

நம் ஊர் போல ஒரு மாநிலம் முழுக்க ஒரே சமச்சீர்ப் புத்தகம் என்ற ஏற்பாடு இங்கே பொதுவாகக் கிடையாது. நாடு முழுவதற்குமான பாடத்திட்டமும் கிடையாது. மத்திய அரசு பாடத்திட்டத்தைத் திணிக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. மாநிலம் பாடத் தரங்களை வகுக்கும், சுமார் 13,000 பள்ளி வட்டாரங்கள் அதைத் தங்கள் வழியில் நடத்தும். டெக்சாஸில் பாடத் தரங்களை முடிவு செய்வது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம். பாடப்புத்தகத்தில் எந்த வரி இருக்க வேண்டும் என்று அங்கே நடக்கும் சண்டை செய்தித்தாள்களில் வருவது அதனால்தான்.

உங்கள் மாநிலத்தின் பெயரோடு சமூக அறிவியல் பாடத் தரங்கள் என்று தேடினால் ஆவணம் கிடைக்கும். நீளமாக இருக்கும், உங்கள் பிள்ளையின் வகுப்புக்கான பக்கங்களை மட்டும் படியுங்கள். கலிஃபோர்னியாவில் எட்டாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு முதல் உலகப் போரின் வாசலில் நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டு பதினொன்றாம் வகுப்பில்தான். அரசாங்கம் என்ற பாடம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பருவம். நடுவில் இரண்டு ஆண்டு இடைவெளி இருப்பது தெரிந்தால் அதை நாம் நிரப்பலாம். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். மாசசூசெட்ஸில் 2018-ல் வந்த சட்டப்படி எட்டாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே நடத்தும் குடிமைச் செயல்திட்டம் உண்டு. அரிசோனா 2015-ல் குடியுரிமைத் தேர்வின் கேள்விகளையே உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சிக்கு நிபந்தனையாக்கியது. முதலில் அப்படிச் செய்த மாநிலம் அது.

பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருந்தால், ஆசிரியரைச் சந்திக்கும் நாளில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் சமூக அறிவியல்? குறை சொல்லும் தொனி வேண்டாம். அந்த நேரத்தைப் பறித்தது ஆசிரியர் அல்ல, அவருக்கும் அது வருத்தம்தான்.

படி 3: மனப்பாடம் செய்யட்டும், ஆனால் விடைக்குப் பின்னால் போகட்டும்

மனப்பாடம் கெட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்கு வராது, மூன்று அரசுத் துறைகளின் பெயர் தெரியாமல் செய்தித்தாள் புரியாது. குடியுரிமைத் தேர்வுக் கேள்விகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128 கேள்விகளாகிவிட்டது. 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று அட்டை. விடை சொன்னதும் அட்டையை மூடாமல் ஒரு 'ஏன்' கேளுங்கள்.

உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள். ஏன் 9? அரசியலமைப்புச் சட்டத்தில் அந்த எண்ணே இல்லை. 1789-ல் 6 பேரோடு தொடங்கியது, ஏறி இறங்கி, 1869-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் 9 ஆனது. ஒரு மாநிலத்துக்கு 2 செனட்டர்கள். சுமார் 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 2, ஆறு லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் 2. இது நியாயமா? 1787-ல் பிலடெல்பியாவில் சின்ன மாநிலங்களும் பெரிய மாநிலங்களும் மல்லுக்கட்டி எட்டிய உடன்பாடு அது. நியாயம்தான் என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும், இல்லை என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும். இரண்டு பேரையும் காரணம் சொல்ல வையுங்கள்.

எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது, மொத்தத் திருத்தங்கள் 27 என்ற அட்டை. இருபத்தேழாவது திருத்தம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது. தங்களுக்கே சம்பளத்தை உயர்த்திக்கொண்டால், அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரலாம். இதை முன்மொழிந்தது 1789-ல். போதிய மாநிலங்கள் ஏற்கவில்லை, அப்படியே கிடந்தது. 1982-ல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிரெகரி வாட்சன் என்ற மாணவர் அதைக் கண்டுபிடித்து, காலக்கெடு எதுவும் போடாததால் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். ஆசிரியர் கொடுத்தது 'சி'. வாட்சன் அதோடு விடவில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். 1983-ல் மெய்ன் ஏற்றது, அடுத்த ஆண்டு கொலராடோ. 1992-ல் தேவையான 38 மாநிலங்கள் சேர்ந்து, சுமார் 203 ஆண்டுக்குப் பிறகு திருத்தம் சட்டமானது. அவருடைய 'சி' 2017-ல் 'ஏ' ஆகத் திருத்தப்பட்டது. இந்தக் கதைக்குப் பிறகு 27 என்ற எண்ணை என் மகள் மறந்ததே இல்லை.

படி 4: மூல ஆவணத்தைக் கையில் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பாடப்புத்தகம் வரலாற்றை முடிந்துபோன கதையாகச் சொல்கிறது. ஆவணம் அப்படி இல்லை. அதை எழுதியவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. தேசிய ஆவணக் காப்பகமும் நாடாளுமன்ற நூலகமும் லட்சக்கணக்கான ஆவணங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஆவணக் காப்பகத்தின் 'டாக்ஸ்டீச்' தளம் ஆசிரியர்களுக்காகவே அமைத்தது, பெற்றோரும் பயன்படுத்தலாம். நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்கிளிங் அமெரிக்கா' பகுதியில் பழைய செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

நாங்கள் செய்த முதல் பயிற்சியை அப்படியே சொல்கிறேன். ரோசா பார்க்ஸ் கதை தெரியுமா என்று மகளைக் கேட்டேன். "பஸ்ல முன்னாடி வெள்ளைக்காரங்க சீட்ல உட்கார்ந்தாங்க, எழுந்திருக்க மாட்டேன்னு சொன்னாங்க" என்றாள். சரி என்று இரண்டு தாள்களை அச்செடுத்து முன்னால் வைத்தேன். இரண்டுமே தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பவை. ஒன்று, 1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரப் போலீஸ் எழுதிய அறிக்கை. வெள்ளையர் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்துகொண்டு பின்னால் போக மறுக்கிறார் என்று பேருந்து ஓட்டுநர் சொன்னதாக அதில் இருக்கிறது. இன்னொன்று, பேருந்தில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பிறகு நடந்த வழக்கில் தாக்கலான இருக்கைகளின் வரைபடம். பார்க்ஸ் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அதில் குறித்திருக்கிறது.

முன்பக்கம் வெள்ளையருக்கு ஒதுக்கிய இருக்கைகள் 10. மகள் பென்சிலால் எண்ணினாள். பார்க்ஸ் அந்தப் பத்தில் இல்லை, அதற்கு அடுத்த வரிசையில் இருக்கிறார். மறுபடி எண்ணினாள். "அம்மா, இவங்க வெள்ளைக்காரங்க சீட்லயே இல்லையே! அப்போ போலீஸ் ஏன் அப்படி எழுதியிருக்கு?"

இந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கிருந்து நகரச் சட்டத்துக்குப் போனோம். முன்பக்கம் நிரம்பிவிட்டால் நடுப்பகுதியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஓட்டுநர் மாற்றலாம், அந்த வேலைக்கு அவருக்குப் போலீஸ்காரரின் அதிகாரமே உண்டு என்று மாண்ட்கோமரி நகரச் சட்டம் சொன்னது. அதாவது, ஓட்டுநர் "இது இப்போது வெள்ளையர் பகுதி" என்று சொன்னால் அது வெள்ளையர் பகுதிதான். யார் முடிவு செய்தது? ஓட்டுநர். அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? நகர மன்றம். நகர மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? வாக்களிக்க முடிந்தவர்கள். அங்கே கறுப்பினத்தவரில் எத்தனை பேருக்கு வாக்காளர் பட்டியலில் இடம் கொடுத்தார்கள்? அன்று ராத்திரி பதினோரு மணி வரை பேசினோம்.

எந்த ஆவணத்துக்கும் இதே முறை பொருந்தும். வரலாற்று ஆசிரியர்கள் கையாளும் நான்கு பழக்கங்கள் இவை: எழுதியது யார், எதற்காக என்று முதலில் பார்ப்பது, அந்தக் காலத்தில் சுற்றி என்ன நடந்தது என்று யோசிப்பது, வார்த்தைகளை நிதானமாகப் படிப்பது, இன்னொரு ஆவணத்தோடு ஒப்பிடுவது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாம் வைன்பர்க்கின் குழு இந்த முறையில் தயாரித்த பாடங்கள் இணையத்தில் இலவசம். ஒரு பாடத்தில் எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு மூன்று ஆவணங்கள் இருக்கும், மொழியும் மாணவர்களுக்கு எளிமையாக்கியிருக்கும்.

வரலாற்றின் இருண்ட பக்கங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று இங்கே பெரிய சண்டை நடக்கிறது. ஒரு பக்கம் பெருமையை மட்டும் சொல் என்கிறது, இன்னொரு பக்கம் குற்றத்தை மட்டும் சொல் என்கிறது. சுதந்திரப் பிரகடனத்தில் ஜெஃபர்சன் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதினார். அவரே நூற்றுக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். இரண்டும் ஆவணத்தில் இருக்கின்றன. இரண்டையும் படித்த பதின்மூன்று வயதுப் பிள்ளை உடைந்துபோவதில்லை. நாம் நினைப்பதைவிட அவர்கள் உறுதியானவர்கள்.

படி 5: அவர்கள் வயதுக்காரர்களை அறிமுகம் செய்யுங்கள்

வரலாறு என்றால் விக் வைத்த பெரியவர்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பார்பரா ஜான்ஸைச் சொல்லுங்கள். வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்குக் கட்டியதில் 450-க்கும் மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு. 1951 ஏப்ரல் 23 அன்று, ஊருக்குள் மாணவர்கள் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் தலைமையாசிரியரை வெளியே வரவழைத்துவிட்டு, 16 வயது பார்பரா எல்லா மாணவர்களையும் அரங்கில் கூட்டினார். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னார். பள்ளி முழுக்க வெளிநடப்பு செய்தது. வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதியதும் மாணவர்களே. அந்த வழக்குதான், 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றானது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். தீர்ப்பை ஏற்க மறுத்த அந்த கவுன்டி 1959-ல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியது. ஐந்து ஆண்டுகள்! வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பே இல்லாமல் போனது. வெற்றி என்று புத்தகம் சொல்லும் இடத்துக்குப் பின்னாலும் வாழ்க்கை தொடர்ந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மோட்டன் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். கிழக்குக் கரையில் இருப்பவர்கள் வாஷிங்டன் போகும்போது கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மேரி பெத் டிங்கரையும் சொல்லலாம். வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கறுப்புப் பட்டை அணிந்து போனதற்காக 13 வயதில் பள்ளியிலிருந்து இடைநீக்கம் ஆனவர். மாணவர்களுக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது அவர் வழக்கில்தான். பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: "அப்போ எங்க ஸ்கூல்ல டி-ஷர்ட்ல என்ன எழுதினாலும் விடணுமா?" விட வேண்டியதில்லை. எங்கே கோடு என்று தேடட்டும்.

படி 6: கூட்டத்துக்குக் கூட்டிப்போங்கள்

பள்ளி வாரியக் கூட்டம் யார் வேண்டுமானாலும் போகக்கூடியது. விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எதுவும் கேட்கமாட்டார்கள். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வாரியத்தின் தளத்தில் வந்துவிடும். கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் வெளியிட வேண்டும் என்பது சட்டம். அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்து, அவர்களுக்குப் புரிகிற ஓர் அம்சத்தைத் தேர்ந்தெடுங்கள். மதிய உணவு ஒப்பந்தம், பேருந்துத் தடம், கைப்பேசித் தடை, ஏதாவது ஒன்று.

முதல் முறை பேச வேண்டாம், சும்மா பாருங்கள். முக்கால் மணி நேரத்தில் அலுத்துவிடும், வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டாவது முறை பொதுமக்கள் கருத்து நேரத்தில் பேசச் சொல்லுங்கள். பல இடங்களில் ஒருவருக்கு 2 அல்லது 3 நிமிடம்தான். எழுதி, நேரம் வைத்துப் படித்துப் பழக வேண்டும். நான் யார், எந்தப் பள்ளி, எனக்கு என்ன வேண்டும், ஏன். அவ்வளவுதான். கேட்டது கிடைக்காமல் போகலாம். என் மகள் பள்ளி வாசல் சாலையில் நடைபாதை விளக்கு வேண்டும் என்று பேசினாள். "அது எங்கள் கையில் இல்லை, நகராட்சியிடம் கேளுங்கள்" என்றார் தலைவர். வீடு திரும்பும் வழியில் அவளுக்கு ஒரே கோபம். ஆனால் யார் முடிவு செய்வது என்பதில் தனக்கு இருந்த தப்பு என்ன என்று அவளே கண்டுபிடித்தாள். அடுத்த கடிதம் நகராட்சிக்குப் போனது.

படி 7: வாக்குச்சீட்டை மேசையில் விரியுங்கள்

வாக்குரிமை உள்ள வீடுகளில், தபாலில் வரும் வாக்குச்சீட்டையோ மாதிரிச் சீட்டையோ பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். அதிபர் பெயருக்குக் கீழே எத்தனை வரிசை என்று பார்த்தால் அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நீதிபதி, ஷெரிஃப், தண்ணீர் வாரியம், பள்ளி வாரியம், பத்திரக் கடன், மாநில முன்மொழிவுகள். ஆளுக்கு ஒரு வரியைப் பிரித்துக்கொண்டு விசாரித்து வரச் சொல்லுங்கள். யாருக்கு வாக்களிப்பது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம். எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்று காட்டினால் போதும்.

வாக்குரிமை இல்லாத வீடுகளுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பங்களில், இங்கே பிறந்த பிள்ளை 18 வயதில் வாக்களிக்கும்போது அம்மா அப்பாவுக்கு இன்னும் வாக்கு வந்திருக்காது. அந்தக் குடும்பத்தின் முதல் அமெரிக்க வாக்காளரே அந்தப் பிள்ளைதான், ஆகவே உங்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். ஆனால் ஓட்டுநர் உரிமத்துக்கு டிஎம்வி போகும்போது, வாக்காளராகப் பதிவு செய்யவா என்ற கேள்விக்குக் குடிமக்கள் அல்லாதவர்கள் தவறியும் 'ஆம்' என்று குறித்துவிடாதீர்கள். தெரியாமல் செய்தாலும் குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகிவிடும். பிள்ளைக்கும் இந்தக் காரணத்தை விளக்குங்கள், அதுவும் குடிமையியல்தான்.

வாக்கு வயது 18 ஆனது 1971-ல், இருபத்தாறாவது திருத்தத்தால். பல மாநிலங்களில் 16, 17 வயதிலேயே முன்பதிவு செய்யலாம். கலிஃபோர்னியாவில் 16. மேரிலாந்தில் டகோமா பார்க் நகரத் தேர்தலில் 2013 முதல் 16 வயதுக்காரர்கள் வாக்களித்தே வருகிறார்கள். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் வேலை செய்யவும் பல மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன, கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டு உள்ள மாணவர்களும் செய்யலாம். ஒரு நாள் முழுக்க வாக்காளர் பட்டியலும் கையுமாக உட்கார்ந்த பிள்ளைக்குத் தேர்தல் பற்றி யாரும் வதந்தி சொல்லி ஏமாற்ற முடியாது.

படி 8: விளையாட்டும் போட்டியும்

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வுக்குப் பிறகு 2009-ல் தொடங்கியது 'ஐசிவிக்ஸ்'. இலவச இணைய விளையாட்டுகள். வழக்கறிஞர் அலுவலகம் நடத்தி, வருபவரின் உரிமை மீறப்பட்டதா என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை என் மகள் ஒரு கோடை முழுக்க விளையாடினாள். ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 'நேஷனல் ஹிஸ்டரி டே' போட்டி உண்டு. 1974-ல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. கட்டுரை, கண்காட்சி, ஆவணப்படம், நாடகம், இணையதளம் என்று ஐந்து வடிவங்கள். மூல ஆவணம் தேடாமல் இதில் நகரவே முடியாது, அதுதான் இதன் அருமை. ஸ்பெல்லிங் பீ-க்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டினால் நம் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள். உயர்நிலைப் பள்ளியில் 'வீ த பீப்பிள்' அரசியலமைப்புப் போட்டியும் மாதிரி நீதிமன்றமும் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் தொடங்க ஓர் ஆசிரியரும் ஆர்வமுள்ள சில மாணவர்களும் போதும்.

பிள்ளைகள் செய்தியும் வரலாறும் பார்ப்பது கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிட வீடியோவில்தான் என்பதால் இன்னொன்றையும் பழக்குங்கள். சந்தேகமான ஒரு தளத்தைக் கண்டால் அதற்குள்ளேயே உட்கார்ந்து ஆராய வேண்டாம். உடனே வெளியே வந்து, புதிய தாவலில் அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

படி 9: உங்கள் வீட்டுக் கதையை அந்த வரலாற்றுக்குள் வையுங்கள்

உங்கள் பழைய பாஸ்போர்ட், முதல் விசா முத்திரை, வேலை ஒப்புதல் கடிதம் எல்லாவற்றையும் ஒருநாள் எடுத்து வையுங்கள். இதை யார் முடிவு செய்தது?

1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த அந்த மனிதருக்கு, இந்தியர் என்பதால் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-ல்தான் சட்டம் மாறி இந்தியர்கள் குடியுரிமை பெற வழி பிறந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 பேர்தான் வரலாம். அந்த வழியாக 1949-ல் குடிமகனான தலிப் சிங் சவுந்த், 1956-ல் கலிஃபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அங்கே வாக்குரிமையுள்ள உறுப்பினரான முதல் ஆசிய அமெரிக்கர் அவர்தான். 1965-ல் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்த குடியேற்றச் சட்டம் வந்த பிறகே நம் ஊர் மருத்துவர்களும் பொறியாளர்களும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் இன்று நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பதற்கு முன்னால் இவ்வளவும் நடந்திருக்கிறது.

கடைசியாக என் மகளின் அந்த வாக்கியத்துக்கு வந்தோம். "நான் இங்கேதானே பிறந்தேன்." இங்கே பிறந்தால் குடிமகள் என்று முடிவு செய்தது யார்? அடிமை முறை ஒழிந்த பிறகு 1868-ல் வந்த பதினான்காவது திருத்தம். அது சீனப் பெற்றோருக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க்குக்கும் பொருந்துமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சீனா போய்த் திரும்பியவரை 1895-ல் உள்ளே விடவில்லை. 1898-ல் 6-2 என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று சொன்னது. கேள்வி மறுபடி நீதிமன்றம் ஏறியது. என் மகள் பிறந்தபோது நாங்கள் இருந்தது அப்படிப்பட்ட விசாவில்தான்.

திருத்தத்தின் முதல் வாக்கியத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். ஆங்கிலத்தில் 28 வார்த்தைகள். அமெரிக்காவில் பிறந்தவர்களோ குடியுரிமை பெற்றவர்களோ, அதன் சட்ட வரம்புக்கு உட்பட்ட எல்லாரும் அதன் குடிமக்கள், வசிக்கும் மாநிலத்தின் குடிமக்களும்கூட. மகள் பென்சிலை எடுத்தாள். 'பிறந்தவர்கள்' என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டு, "இது நான்" என்றாள். அடுத்த வார்த்தைக்கு அடியிலும் கோடு போட்டுத் தாளை என் பக்கம் திருப்பினாள். "இது நீ."